புதுப்பிப்பு: மகளை அரசுப் பள்ளிக்கு மாற்றிவிட்டோம்

ஆறாம் வகுப்புக்கு மகளைத் தனியார் பள்ளியிலேயே விடுவதா, அரசுப் பள்ளிக்கு மாற்றுவதா என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். மாற்றிவிட்டோம்.

முடிவைத் தள்ளிப்போட விடாதது, தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் தரும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் வந்தது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்த குழந்தைகளுக்கு விதி சற்று வேறு.) எங்களைப் போல் கட்டணம் கட்டியவர்கள் ஏழாம் வகுப்பில் விழித்துக்கொண்டால் பயனில்லை.

கணக்கு ஆசிரியை அருமை, கழிப்பறை மோசம். பெற்றோர் சிலர் சேர்ந்து கழிப்பறை பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மகளுக்கு மூன்று தோழிகள் கிடைத்துவிட்டார்கள். என் மாமியார்தான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.