கோயில் சொசைட்டி, வின்சென்ட் சபை, சிஸ்டர்கள்: கடலூர் - புதுவை அனுபவங்கள்

சிங்காரத்தோப்பு மகள்:
சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்தோம். வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: படகு போச்சா, வலை போச்சா, எஞ்சின் போச்சா? எங்களுக்குப் படகே கிடையாது. அம்மா துறைமுகத்தில் ஏலம் எடுத்து, மஞ்சக்குப்பம் வரை தலைச்சுமையாக மீன் விற்றவர். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் ஏறவில்லை. கோயில் சொசைட்டியோடு (கத்தோலிக்க மறைமாவட்டத்தின் சமூகப்பணி அமைப்பு) வந்த ஒரு சிஸ்டர் மட்டும், "உங்க கூடை என்னம்மா ஆச்சு?" என்றார். அம்மா நம்பவே இல்லை. "கூடைக்கெல்லாமா எழுதுவீங்க?" என்று திருப்பிக் கேட்டார். எழுதினார்கள். அன்னக்கூடை, தராசு, ஏலம் எடுக்கக் கொஞ்சம் முதல், எல்லாம் பெண்கள் குழு வழியாக வந்தது. அதே கரையில் ஃபைபர் படகுகள் தேவைக்கு மேல் குவிந்தன, ஞாபகம் இருக்கும். அந்த சிஸ்டர் எந்தச் சபை என்று இன்றுவரை தெரியாது.

வில்லியனூர் வாசி:
நான் ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கர்களின் வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறேன். இருவர் இருவராகத்தான் வீடு பார்க்கப் போவோம். 1833-ல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்பவரும் நண்பர்களும் மாணவர்களாக இருந்து தொடங்கியபோதே ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. ரோசாலி ரந்து என்ற சிஸ்டர் அவர்களுக்கு வழிகாட்டினார். கையில் திணித்துவிட்டு ஓடிவரக் கூடாது, உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு பெரியவருக்கு அரிசி கொண்டு போனோம். பக்கத்து வீட்டில் பால் கடன் வாங்கி எங்களுக்கு டீ போட்டிருந்தார். கூட வந்த தம்பி, "வேணாம் தாத்தா, உங்களுக்கே இல்ல" என்றான். டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது. நான் வாங்கிக் குடித்தேன். அடுத்த வாரம் போனால் உள்ளே ரேடியோ ஓடுகிறது, கதவு திறக்கவில்லை.

நெய்வேலி நேர்படப்பேசு:
இதெல்லாம் சும்மாவா கொடுத்தார்கள்? கோதுமை ரவையும் பால் பவுடரும் காட்டித்தான் மதத்துக்கு ஆள் சேர்த்தார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார். மேலே எழுதியவர்கள் அதையும் சொல்லுங்கள்.

முதலியார்பேட்டை பேத்தி:
நெய்வேலி அண்ணனுக்கு. அந்த ரவையும் பவுடரும் அமெரிக்க அரசின் பி.எல். 480 உணவு உதவி. சி.ஆர்.எஸ். (அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரண அமைப்பு) போன்றவை வழியாக வந்தது. அதற்காகவா மாறினோம்? 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி, எங்களைப் போன்ற தலித்துகள் கிறிஸ்தவரானால் எஸ்.சி. பட்டியலில் இடமில்லை. சீக்கியருக்கு 1956-ல், பௌத்தருக்கு 1990-ல் கிடைத்தது, எங்களுக்கு இன்னும் இல்லை. ரவைக்காக அதை விட்டோம் என்கிறீர்களா? கோயிலில் சாதிக்கொரு கல்லறை வைத்ததைக் கேளுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

சரி, என் அனுபவம். ரோமன் ரோலண்ட் வீதியில் குளூனி என்ற சபையின் சிஸ்டர்கள் நடத்தும் எம்பிராய்டரிக் கூடத்தில் எங்கள் ஆயா தைத்தார். ஒரு வெள்ளைக்காரம்மா மேசை விரிப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "இதில் எது முன்பக்கம்?" என்று கேட்டாராம். சம்பளம் எவ்வளவு என்று கேட்டாலும் ஆயா இந்தக் கதையைத்தான் சொல்வார்.

பண்ருட்டி பலா:
2011 டிசம்பர் 30, தானே புயலில் முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. கோயிலில் தார்ப்பாய் கொடுத்தார்கள், என் கதை அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணத்தை இனி நம்பாதீர்கள். 1962-ல் ஆயர்கள் தொடங்கிய காரித்தாஸ் இந்தியா மாதிரிப் பெரிய அமைப்பு வாங்கி, மறைமாவட்ட சொசைட்டிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ஒரு வழியாக இருந்தது. 2020 எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்ற முடியாது. டெல்லியில் குறிப்பிட்ட எஸ்.பி.ஐ. கிளைக்குத்தான் பணம் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதம் தாண்டக் கூடாது. அதனால் அரசு நிவாரணம் கேட்கத் தயாராக, ஐப்பசி பிறக்கும் முன்பே ரேஷன் கார்டு, பாஸ்புக், சிட்டா மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுவையுங்கள். நிற்கிற மரங்களைப் போட்டோ எடுங்கள். விழுந்த பிறகு எடுத்தால் வி.ஏ.ஓ. கேள்வி கேட்பார். கோயிலில் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், தாலுகா ஆபீஸிலும் மனு கொடுங்கள். பெண்கள் குழுவில் சேராதவர்கள் இப்போதே சேருங்கள்.

சிங்காரத்தோப்பு மகள்:
எங்களுக்கு ஏது அண்ணே தோப்பு?