லண்டன் மேயர்: எல்லாரும் திட்டுகிறார்கள், மூன்றாவது முறையும் ஜெயித்தது எப்படி?

புதுசா_வந்தவன்:
லண்டன் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆபீஸில் யாரிடம் பேசினாலும் சாதிக் கானைத் திட்டுகிறார்கள், புகை விடும் வண்டிக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு வாங்கும் அந்தப் புகைக் கட்டணத்தில்தான் பேச்சு வந்து நிற்கிறது. ஆனால் 2024 மே மாதம் மனுஷன் மூன்றாவது முறையும் ஜெயித்திருக்கிறார். எப்படிங்க? அப்புறம் இன்னொன்று, வேலை விசாவில் இருக்கும் நமக்கும் ஓட்டு உண்டு என்கிறான் ரூம்மேட். ஓட்டுகிறானா?

ஹாரோக்காரன்:
உங்கள் ஆபீஸில் பாதிப் பேர் புறநகரிலிருந்து காரில் வருகிறவர்களாக இருக்கும். அந்தக் கட்டணம் பழைய வண்டிகளுக்கு மட்டும்தான். 2023 ஆகஸ்டில் அதை லண்டன் முழுக்க நீட்டினார்கள். அதற்கு முந்தைய மாதம் மேற்கு லண்டன் புறநகரான அக்ஸ்பிரிட்ஜில் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலில் இந்தக் கோபத்திலேயே கானின் லேபர் கட்சி 495 ஓட்டில் தோற்றது, அதைப் பார்த்து கான் கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன். ஆனால் நகரத்துக்குள் கார் இல்லாத குடும்பங்கள் நிறைய, அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு இலவசம் என்று கொண்டுவந்தாரே, அது வீட்டுக்கு வீடு தெரிந்தது. அப்போது நாட்டை ஆண்ட கன்சர்வேடிவ் கட்சி மேல் நாடு முழுக்க இருந்த வெறுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைக்கு முந்தின நாள் அந்தக் கட்சியின் வேட்பாளர் சூசன் ஹால் முந்துகிறார் என்று ஒரு வதந்தி ஓடியது, கடைசியில் வித்தியாசம் 2.76 லட்சம் ஓட்டு!

கணக்குப்பிள்ளை:
ஆஹா ஓஹோ என்று சொல்லாதீர்கள். கான் வாங்கியது 43.8%, ஹால் 32.7%. ஓட்டுப் போட வந்ததே சுமார் 40% பேர்தான், அதாவது பட்டியலில் உள்ள நூறு பேரில் 18 பேர்தான் அவருக்குக் குத்தியிருக்கிறார்கள். இதில் வேடிக்கை, முன்பு முதல் விருப்பத்தோடு இரண்டாவது விருப்பமாக இன்னொருவருக்கும் ஓட்டுப் போடலாம், கன்சர்வேடிவ் அரசு அந்த முறையை எடுத்துவிட்டது. லேபர், லிபரல், பச்சைக் கட்சி என்று ஓட்டு சிதறும், கானுக்கு அடி விழும் என்று பலரும் எழுதினார்கள். விழவில்லை.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
தம்பி, ரூம்மேட் சொன்னது நிஜம். காமன்வெல்த் நாட்டுக்காரர் முறையான விசாவில் இருந்தால் ஓட்டு உண்டு, இந்தியா, இலங்கை இரண்டும் அதில் வரும். முதலில் பேரைப் பதிந்துகொள்ளணும். போகும்போது பாஸ்போர்ட் எடுத்துப் போங்க, நம்ம ஊர் பாஸ்போர்ட்டே போதும். நான் ஆபீஸ் அட்டையோடு போய் திரும்பி வீட்டுக்கு ஓடினேன், மழை வேற. குப்பை எடுக்கவில்லை என்று மேயரைத் திட்டாதீங்க, அது உங்கள் பகுதி கவுன்சில் வேலை.

புதுசா_வந்தவன்:
நன்றி அக்கா. அடுத்தது 2028தானே? அதுவரை விசா இருக்கணும்.