2^61−1 பகா எண்தானே? என் ப்ரோகிராம் 2-ஆல வகுபடுதுன்னு அடம் பிடிக்குது

மீதிபூஜ்யம்: ரெண்டு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன். சி பிளஸ் பிளஸ்ல பகா எண் செக் பண்ண ஒரு ப்ரோகிராம் எழுதினேன், 2^31−1 வரைக்கும் ஒழுங்கா வருது, ஆனா 61 போட்டா எடுத்த எடுப்புலயே 2-ஆல வகுபடுதுன்னு சொல்லி வெளிய வந்துடுது. ஒண்ணு கழிச்சா ஒற்றைப்படைதானே வரணும்?? எண்ண உண்டாக்க, அடுக்கு கணக்கு போடற பவ் ஃபங்ஷன் யூஸ் பண்றேன்.

பைனரிபாண்டி: எண்ண பிரிண்ட் பண்ணிப் பாத்தீங்களா? கடைசி மூணு இலக்கம் 951-ஆ 952-ஆ?

மீதிபூஜ்யம்: அட, 2305843009213693952!

பைனரிபாண்டி: அதான் வில்லங்கம். பவ் டபுளாதான் (தசம எண்ணுக்கான டைப்) பதில் தரும், டபுள் 53 பிட் துல்லியத்துக்கு மேல தாங்காது, அதனால நீங்க ஒண்ணு கழிச்சாலும் அது திரும்ப 2^61-லயே போய் ஒட்டிக்கும். 31 பிட் அடங்குச்சு, அதான் அங்க மாட்டல. பவ்வ தூக்கிட்டு 64 பிட் முழு எண் 1-ஐ இடப்பக்கம் 61 தடவ ஷிஃப்ட் பண்ணி ஒண்ணு கழிங்க.

சும்மாவந்தேன்: இதுக்கு எதுக்கு ப்ரோகிராம்? 61 பகா எண், அப்போ இதுவும் பகா எண்தான்.

பழையகணக்கு: அப்படி இல்ல ப்ரோ. 11 பகா எண்தான், ஆனா 2^11−1 = 2047 = 23 × 89. எந்தெந்த அடுக்குக்கு இப்படி பகா எண் வரும்னு பிரெஞ்சு கணித அறிஞர் மெர்சென்னே 1644-ல போட்ட பட்டியல்ல 61-ஐ விட்டுட்டு தப்பா 67-ஐ சேத்துட்டார். 61 தேறும்னு 1883-ல ரஷ்யக் கணித ஆர்வலர் பெர்வூஷின்தான் நிரூபிச்சார், அதுவும் கையாலயே.

மீதிபூஜ்யம்: 951 வந்துடுச்சு, நன்றி! ஆனா வர்க்கமூலம் 150 கோடிக்கு மேல போகுது, ஒவ்வொண்ணா வகுத்தா முடியவே மாட்டேங்குது.

பழையகணக்கு: எல்லாத்தாலயும் வகுக்க வேணாம். பகாக் காரணி இருந்தா அத 122-ஆல (அடுக்கு 61-ஓட ரெண்டு மடங்கு) வகுக்கும்போது மீதி 1 வரணும், அதுலயே வேலை ஒண்ணேகால் கோடிக்குள்ள சுருங்கிடும் (மேல பாருங்க, 23-உம் 89-உம் 22-ஆல வகுத்தா மீதி 1தான்). ஆனா என்னைக் கேட்டா, இந்த மாதிரி எண்ணுக்குன்னே இருக்கற லூகாஸ்-லேமர் சோதனைதான் போடணும். 4-ல ஆரம்பிச்சு, வர்க்கம் எடுத்து 2 கழிச்சு, நம்ம எண்ணால வகுத்து மீதிய வச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப அதையே பண்ணணும், அடுக்குல 2 குறைச்சா எத்தனையோ அத்தனை தடவ. கடைசில 0 வந்தா பகா எண். 2^7−1 = 127-க்கு 4, 14, 67, 42, 111, 0. முதல்ல இத ஓட்டிப் பாருங்க.

மீதிபூஜ்யம்: 127 சூப்பரா வருது. 61-க்கு நடுவுல மைனஸ் எண்ணெல்லாம் வருது 😭

பைனரிபாண்டி: 61 பிட் எண்ண வர்க்கம் எடுத்தா 122 பிட், 64-ல எப்படி அடங்கும்? பெருக்கற இடத்துல மட்டும் 128 பிட் டைப்புக்கு மாத்துங்க.

மீதிபூஜ்யம்: 59-ஆவது சுத்துல 0!! என்டர்ல இருந்து கைய எடுக்கறதுக்குள்ள வந்துடுச்சு. அடுத்து 67 போட்டு மெர்சென்னே சொன்னது தப்புதானான்னு பாக்கப் போறேன்.

பைனரிபாண்டி: அதுக்கு 134 பிட் வேணும், 128-உம் பத்தாது. முழு எண்ணுக்கு பிட் வரம்பு இல்லாத பைத்தானுக்குப் போயிடுங்க, இல்லன்னா நாளைக்கு திரும்ப மைனஸோட வந்து நிப்பீங்க.