கண்ணுக்குக் கீழே ரவை ரவையாகப் பருக்கள்: எந்தக் கிரீம் ஒத்துக்கொண்டது?

இரண்டு ஆண்டுகளாக என் கீழிமையில் ரவை அளவில் வெள்ளைப் பருக்கள். வலியில்லை, அரிப்பில்லை. வறட்சிதான் காரணம் என்று நானே முடிவுகட்டி, இரவில் பாதாம் எண்ணெய் தடவி, அதன்மேல் கெட்டியான ஐ கிரீமும் பூசிவந்தேன். நான்காக இருந்தவை பதினொன்றாகிவிட்டன. ஒன்றைக் கிள்ளினேன், எதுவும் வரவில்லை, தோல்தான் கறுத்துப்போனது.

தோல் மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, "இது மிலியா" என்றார். உள்ளே இருப்பது சீழ் அல்ல, கெரட்டின் என்ற தோல் புரதம். வெளியேற வாய் இல்லாமல் தோலுக்கடியில் சிறு உருண்டையாக அடைபட்டுக் கிடக்கிறது. கிள்ளியும் வராததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஊசி முனையால் மேல்தோலை லேசாகத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தார். எறும்பு கடித்த அளவுக்குத்தான் வலித்தது. தயவுசெய்து வீட்டில் யாரும் ஊசி எடுக்காதீர்கள், கண் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது டப்பாவைத் திருப்பிப் படிக்காமல் வாங்குவதில்லை. பெட்ரோலியம் ஜெல்லி, லனோலின், மெழுகு ஆகியவை பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுகிறேன். கிளிசரினும் ஹையலூரானிக் அமிலமும் உள்ள, வாசனை சேர்க்காத ஜெல் எனக்குப் போதுமாக இருக்கிறது. அரிசி அளவு எடுத்து, இமையில் படாமல், கண்குழியின் எலும்பு மேல் மட்டும் ஒற்றுகிறேன். எட்டு மாதத்தில் புதிதாக ஒன்றுதான் வந்திருக்கிறது.

* * *

தோழி, எனக்கும் அதே இடம்தான். ஆனால் வெள்ளையாக இல்லை, தோலின் நிறத்திலேயே இருக்கும். என் அம்மாவுக்கும் உண்டு. மிலியா என்று நினைத்து மூன்று கிரீம்கள் மாற்றிய பிறகுதான் சிரிங்கோமா என்று தெரிந்தது. வியர்வைக் குழாயில் உண்டாகும் கெடுதலில்லாத வளர்ச்சி. தடவும் கிரீம் எதுவும் அதைக் கரைக்காது. லேசரில் எடுக்கலாம், ஆனால் மாநிறத் தோலில் கறுப்புத் தழும்பு விழக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார். அப்படியே விட்டுவிட்டேன், வருத்தமில்லை.

* * *

அக்கா, நான் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) கிரீமை இமையோரம் வரை தடவி, ஒரு வாரம் சிவந்து தோல் உரிந்து அவதிப்பட்டேன். கருவுற்றிருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. நான் கண் மையைத் தேங்காய் எண்ணெயால் துடைத்து, முகம் கழுவாமலே படுத்துவிடுவேன். நீங்கள் மையை எதைக் கொண்டு எடுக்கிறீர்கள்?