‘இம்ப்ரெஷன்’ – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

க.மு. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். எங்கள் தமிழ்த்துறை மாணவர்களுக்கு ‘முதல் வலைத்தளமும் விளம்பர வருவாயும்’ என்றொரு பயிலரங்கு. கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. தளப்பெயர், வழங்கி, சொடுக்கு எல்லாம் ஒப்பேறிவிட்டன. விளம்பரம் ஒவ்வொரு முறை பக்கத்தில் வருவதையும் எண்ணும் ‘இம்ப்ரெஷன்’ மட்டும் இடிக்கிறது.

மாடித்தோட்டம் பற்றித் தளம் தொடங்கிய மாணவி கேட்கிறாள்: “ஐயா, பக்கப் பார்வை 300, இம்ப்ரெஷன் 900 என்று காட்டுகிறது. மீதி 600 பேர் யார்?” பக்கத்துக்கு மூன்று விளம்பரம் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் சொல்லைக் கேட்டதும் அது விளங்க வேண்டாமா? ‘பார்வை’ வேண்டாம், அது ஏற்கெனவே பக்கத்துக்குப் போய்விட்டது.

த. எழுதியது:

இதில் என்ன சிக்கல்? ‘பதிவு’. அச்சுக்கூடத்தில் தாளை அழுத்தி எடுப்பதும் இம்ப்ரெஷன்தான். பதி, பதிதல், பதித்தல், பதிப்பு, பதியம் எல்லாம் ஒரே வேர். ஊரைக் குறிக்கும் ‘பதி’யும் மக்கள் பதிந்து வாழும் இடம் என்பதால் வந்ததே. அதை வடசொல் என்பவர்கள்…

(இதன்பின் திருப்பதி குறித்து வந்த பதினோரு மடல்களைத் தனி இழைக்கு மாற்றியுள்ளேன். – மட்டுறுத்துநர்)

ந.கு. எழுதியது:

‘பதிவு’ என்றால் வலைப்பதிவர்கள் அடிக்க வருவார்கள். “ஒரு பதிவுக்கு மூன்று பதிவு” என்று கையேட்டில் எழுதிப் பாருங்கள்.

புலவர் வே. எழுதியது:

‘காட்சி’ என்ற பொற்சொல் இருக்க ஏன் அலைகிறீர்கள்? காண் பகுதி, சி தொழிற்பெயர் விகுதி. ஆட்சி, மாட்சி போல. போரில் இறந்த வீரருக்கு நடும் நடுகல்லின் துறைகளைத் தொல்காப்பியர் ‘காட்சி கால்கோள் நீர்ப்படை நடுகல்’ என்றுதான் தொடங்குகிறார். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்திலும் குன்றக்குரவையை அடுத்து வருவது காட்சிக் காதைதான். கல்லைக் கண்டு தேர்வதே காட்சி. விளம்பரமும் ஒருவகையில் நட்ட கல்தானே? கால்கோள் என்பதைத் தளம் தொடங்கும் நாளுக்கும், நீர்ப்படை என்பதை…

சி. எழுதியது:

புலவர் ஐயா பொறுத்தருள்க. காட்சி, கருதல், உரை என்று அறியும் வழிகளான அளவைகளைச் சொல்லும்போது காட்சி என்பது கண்டு அறிவது. காண்பவர் இல்லாமல் காட்சி ஏது? இம்ப்ரெஷனுக்குக் காண்பவர் கட்டாயமா? கணிப்பொறியாளர்கள் சொல்லட்டும்.

ந.கு. எழுதியது:

கட்டாயமில்லை. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் கணக்கில் விளம்பரம் வாசகரின் கருவியில் இறங்கத் தொடங்கினாலே எண்ணிக்கை ஏறிவிடும். பக்கத்தின் அடியில் இருக்கும் விளம்பரத்தை அவர் எட்டாமலே போகலாம். கண்ணில் பட வாய்ப்பிருந்ததா என்பதற்குத் தனி அளவு உண்டு: விளம்பரப் பரப்பில் பாதியாவது ஒரு நொடி திரையில் நின்றிருக்க வேண்டும். ஆக நமக்கு வேண்டியது தன்வினை அல்ல, பிறவினை. காண்பது வாசகர், காட்டுவது நாம்.

இது இலக்கண விளையாட்டும் அல்ல. 2018இல் தமிழ்த் தளங்களுக்கு ஆட்சென்ஸ் கதவு திறந்தபோது பெரும்பாலும் சொடுக்குக்குத்தான் காசு. 2024 முதல் இம்ப்ரெஷனுக்குக் காசு. 5,000 பக்கப் பார்வைக்கு 2 டாலர் என்றால் ஆயிரம் பக்கப் பார்வைக்கு 40 சென்ட். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். எதை எண்ணுகிறார்கள் என்று தெரியாத பிள்ளை ஒரு பக்கத்தில் பத்து விளம்பரத்தைத் திணிக்கும். வாசகர் ஓடிவிடுவார்.

த. எழுதியது:

அப்படியானால் ‘தோற்றம்’. தோன்றுவதற்குக் காண்பவர் வேண்டாம்.

க.மு. எழுதியது:

‘தோற்றம்’ என்று தலைப்பிட்டால் அடுத்த கட்டத்தில் ‘மறைவு’ எங்கே என்று பையன்கள் கேட்பார்கள். சுவரொட்டி பார்த்து வளர்ந்தவர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ப. எழுதியது:

இஞ்சை ‘காட்சிப்படுத்தல்’ எண்டு எழுதினால் எல்லாருக்கும் விளங்கும். நீளமெண்டால் ‘காட்டுகை’ எண்டு வைக்கலாம்.

க.மு. எழுதியது:

‘ஆயிரம் காட்சிப்படுத்தல்களுக்கான வருவாய்’ அட்டவணையில் மூன்று வரி பிடிக்கும், ஐயா. ‘காட்டு’ என்று சுருக்கினால் ‘காட்டு எண்ணிக்கை’ வனத்துறைக் கணக்கு மாதிரி இருக்கிறது. ‘காட்டல்’ எப்படி? ‘காட்டல் எண்ணிக்கை’, ‘ஆயிரங்காட்டல் வருவாய்’. கண்ணில் பட்டதற்குக் ‘கண்படு காட்டல்’.

சி. எழுதியது:

‘கண்படை’ என்றால் உறக்கம், நினைவிருக்கட்டும். வாசகரைத் தூங்க வைக்கும் விளம்பரமும் உண்டுதான்.

அ. எழுதியது:

நான் பத்து தளம் நடத்துகிறேன். எவரும் காட்டல் என்று சொல்லிக் கேட்டதில்லை. திரையில் ‘இம்ப்ரெஷன்’ என்று இருக்கும்போது கையேட்டில் வேறொன்று இருந்தால் பிள்ளை எதைத் தேடும்? வடவெழுத்து ஒரீஇ, அதாவது ‘ஷ’வை நீக்கி, ‘இம்பிரசன்’ என்று எழுதிவிட்டுப் போங்கள். தூய்மை பார்த்தால் வருவாய் வராது.

ந.கு. எழுதியது:

இரண்டும் இருக்கட்டும். முதலில் வருமிடத்தில் ‘காட்டல் எனப்படும் இம்ப்ரெஷன்’, பிறகு காட்டல் மட்டும். எனக்குச் சரி.

ப. எழுதியது:

சரி. காட்டுகையை விட்டுக்கொடுக்கிறன்.

க.மு. எழுதியது:

அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார். ‘காட்டல்’ என்றே அனுப்புகிறேன். ‘கண்படு காட்டல்’ நீக்கம். அங்கே ‘திரையில் நின்ற காட்டல்’ என்று போட்டுவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

புலவர் வே. எழுதியது:

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ‘காட்டல்’ என்றதும் யார், யாருக்கு, எதை என்று மூன்று கேள்வி எழும். நடுகல் பற்றிய என் மடலுக்கு ஒருவரும் மறுமொழி தரவில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன்.