தனி ஆளாகத் தொழில்: இரண்டாவது சாவி யாரிடம்?

(தனி ஆளாகத் தொழில் நடத்துவது பற்றிப் பலர் ஒருவர் பின் ஒருவராக எழுதிய குறிப்புகள் இவை; * * * வரும் இடத்தில் எழுதுபவர் மாறலாம்.)

கடையோ, பட்டறையோ, வீட்டிலிருந்தே செய்யும் வேலையோ, துணை இல்லாமல் தனியாக நடத்துபவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: எல்லாவற்றுக்கும் ஒரே சாவி, அதுவும் ஒரே பையில். குடும்பமாக இருப்பவர்களுக்கு மாற்று ஏற்பாடு யோசிக்காமலே அமைந்துவிடுகிறது. வீட்டில் இன்னொருவருக்கு சரக்குக்காரரின் முகம் தெரியும், பாக்கி வைத்திருப்பவரின் பெயர் தெரியும். தனி ஆள் இதை உட்கார்ந்து அமைக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் வர முடியாத நாளில் இன்னொருவர் எடுத்து நடத்த, முதலில் ஒரு உறை. உள்ளே மாற்றுச் சாவி, மெயின் சுவிட்ச் எங்கே என்ற குறிப்பு, வாடகை தேதி, இன்சூரன்ஸ் பாலிசி எண், சரக்கு தருபவர்கள் பட்டியல், ஆடிட்டர் எண், கைவசம் இருக்கும் ஆர்டர்களை எந்த நோட்டில் பார்ப்பது என்ற விவரம். பாஸ்வேர்டுகளை இதில் எழுதாதீர்கள். மூன்றே மாதத்தில் பாதி மாறியிருக்கும், உறையும் பழசாகிவிடும். பாஸ்வேர்டு மேனேஜர்கள் (பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் ஆப்கள்) சிலவற்றில் அவசர அனுமதி என்ற வசதி உண்டு. நம்பிக்கையான ஒருவர் திறக்கக் கேட்பார், நீங்கள் குறித்துவைத்த நாட்களுக்குள் மறுக்காவிட்டால் அவருக்குத் திறக்கும். அந்தக் காத்திருப்பை இரண்டு மூன்று நாளாக வையுங்கள். முப்பது நாள் என்று வைத்தால் அவசரத்துக்கு உதவாது.

பெரிய பொறி ஓடிபி. வங்கி, மெயில், பில்லிங் எல்லாம் ஒரே போனைக் கேட்கும். போன் தண்ணீரில் விழுந்தால் மெயிலுக்குள் போக முடியாது. மெயில் இல்லாமல் மற்றதை மீட்க முடியாது. ஒவ்வொரு முக்கியக் கணக்கிலும் பேக்கப் கோடுகளை (போன் இல்லாதபோது ஓடிபிக்குப் பதிலாகப் போடும் எண்களை) எடுத்துத் தாளில் அச்சிட்டு, போன் இல்லாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு கோடும் ஒரு முறைதான் வேலை செய்யும். பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். புதுப் போன் வாங்கியதும் பழையதைத் துடைத்துக் கொடுத்துவிடுபவர்கள் ஏராளம். ஆத்தென்டிகேட்டர் ஆப்பை (உள்ளே நுழையக் கேட்கும் எண்ணைப் போனிலேயே காட்டும் ஆப்) புதியதுக்கு மாற்றி, ஒவ்வொரு கணக்கிலும் ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் பழையதைத் துடைக்க வேண்டும்.

* * *

மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆள் இல்லாத நாளுக்கு ஏற்பாடு செய்ய, ஆள் இருக்கும் நாளில் போதுமான பணம் வர வேண்டும். மணிக்கணக்கில் வேலை செய்பவர்கள் (டிசைன், தையல், டியூஷன், ரிப்பேர்) கூலியைக் குறிக்கும்போதே தவறு நடந்துவிடுகிறது.

வழக்கமான கணக்கு: வாரம் 40 மணி, வருடம் 52 வாரம், மொத்தம் 2,080 மணி. வருடத்துக்கு வேண்டிய தொகையை இதால் வகுத்து, வந்ததைக் கட்டணமாகச் சொல்லிவிடுகிறார்கள். நடப்பது வேறு. விடுமுறை, காய்ச்சல், சொந்த வேலை எல்லாம் சேர்த்து ஆறு வாரம் கழியுங்கள். மீதி 46 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 230 நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் 1,840. அதிலும் பில் போட முடியாத நேரம் உண்டு: விலை சொல்வது, பொருள் வாங்கப் போவது, பாக்கிக்குப் போன் செய்வது, கணக்கு எழுதுவது, பெருக்குவது. இதையெல்லாம் பிரித்துக்கொள்ள இன்னொரு ஆள் இல்லை. பத்து மணி நேரத்தில் ஆறு மணி நேரத்துக்குப் பில் போட முடிந்தாலே நல்ல நிலை. அப்படியானால் கையில் நிற்பது 1,104 மணி. 2,080ஐ வைத்துக் கட்டணம் சொன்னவர், தனக்கு வேண்டியதில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் சம்பாதிப்பார். மிச்சத்தைத் தூக்கத்திலிருந்துதான் எடுப்பார்.

அந்த ‘வேண்டிய தொகை’யில் உங்கள் சம்பளம் கட்டாயம் இருக்கட்டும். மாதம் ஒரு தேதியில், ஒரே அளவில், தொழில் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுத்துக்கொண்டால், தொழில் ஓடுகிறதா, முதலைத் தின்கிறோமா என்பது வருடக் கடைசியில்தான் தெரியும். இன்னொரு வசதியும் இருக்கிறது. “தனி ஆள்தானே, உனக்கென்ன செலவு” என்று கைமாற்று கேட்டு வருகிறவர்களிடம், சம்பளக் கணக்கில் இருப்பதை மட்டும் காட்டலாம்.

* * *

கையிருப்பு பற்றி யாரும் எழுதவில்லையே. ஆறு மாதச் செலவைக் கையில் வை என்று பொதுவாகச் சொல்வார்கள். தனி ஆள் வீட்டுச் செலவை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அவர் படுத்தாலும் கடை வாடகை, தவணை, இன்டர்நெட், இன்சூரன்ஸ் பிரீமியம் எதுவும் நிற்காது. இரண்டையும் கூட்டுங்கள்.

மருத்துவ இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிச் செலவைத்தான் பார்த்துக்கொள்ளும். போன வருமானத்துக்கு, வேலை செய்ய முடியாத காலத்தில் மாதாமாதம் தொகை தரும் பாலிசி தனி. அதில் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, காத்திருப்புக் காலம், அதாவது படுத்த நாளிலிருந்து தொகை கணக்கில் சேரத் தொடங்கும் வரை உள்ள நாட்கள். 30, 60, 90 நாள் என்று இருக்கும். நாள் கூடக் கூடப் பிரீமியம் குறையும். 90 நாள் எடுத்தால் 3 மாதக் கையிருப்பு போதும் என்று தோன்றும். ஆனால் தொகை பெரும்பாலும் மாதம் முடிந்த பிறகுதான் வரும். அதனால் குறைந்தது 4 மாதம் தாங்க வேண்டும். வீட்டுக்கு 60, கடைக்கு 40, ஆக மாதம் 100 என்றால் கையில் 400. விற்பனையில் வசூலித்துவைத்த வரிப் பணத்தை இதில் எண்ணாதீர்கள், அது உங்களுடையதே இல்லை.

இரண்டாவது, எவ்வளவு தருவார்கள் என்பது. சொந்தத் தொழில்காரருக்கு, வரிக் கணக்கில் காட்டிய நிகர லாபத்தைப் பார்த்துத்தான் பொதுவாகத் தீர்மானிப்பார்கள். லாபத்தைக் குறைத்துக் குறைத்துக் காட்டியவருக்கு, படுத்த நாளில் கிடைப்பதும் குறைந்ததுதான்.

* * *

கடை வைத்திருப்பவர்களுக்குச் சில சின்ன விஷயங்கள்.

“5 நிமிடத்தில் வருகிறேன்” என்று அட்டை தொங்கவிடாதீர்கள். அந்த ஐந்து நிமிடம் எப்போது ஆரம்பித்தது என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. “2.30க்குத் திறக்கும்” என்று எழுதினால் காத்திருப்பார், அல்லது போய்விட்டுத் திரும்பி வருவார்.

இரவில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கல்லாவை எண்ண வேண்டாம். ஷட்டரைப் பாதி இறக்கினாலும் போதாது, முழுதும் மூடிய பிறகுதான். வங்கிக்குப் பணம் கொண்டுபோகும் நேரமும் வழியும் தினமும் ஒன்றாக இருக்கக் கூடாது. தனியாக இருக்கிறீர்களா என்று யாராவது கேட்டால், “பின்னால் ஆள் இருக்கிறார்” என்பதே பதில். பெண்களுக்கு மட்டும் சொல்வதல்ல இது. தொழிலுக்குத் தனி எண், பில்லில் வீட்டு முகவரி வேண்டாம். சட்டப்படி முகவரி போட்டாக வேண்டிய இடத்தில் அஞ்சல் பெட்டியை ஏற்பார்களா என்று விசாரியுங்கள்.

சரக்கு தீர்ந்தால் ஓடிப்போய் வாங்கிவர ஆள் இல்லை என்பதால், எந்த அளவில் ஆர்டர் போட வேண்டும் என்பதை முன்பே எழுதிவைக்க வேண்டும். தினம் 6 விற்கிறது, வந்துசேர 5 நாள் ஆகிறது என்றால் 30. மேலே இரண்டு நாள் பாதுகாப்புக்கு 12. அலமாரியில் 42க்குக் கீழே போனதுமே போன். கீழிருந்து 42ஆவது பெட்டிக்கு அடியில் சிவப்பு அட்டை ஒன்றைச் செருகிவைத்தால் எண்ணவே வேண்டியதில்லை.

* * *

தள்ளுபடி. வீட்டில் “வேண்டாம்” என்று சொல்ல ஆள் இல்லாதவர்கள் அதிகம் இழப்பது இதில்தான். 100க்கு வாங்கி 125க்கு விற்கும் பொருளுக்கு 10 சதவீதம் குறைத்தால் விலை 112.50. லாபம் 25லிருந்து 12.50. பத்தைக் கொடுத்தோம் என்று நினைக்கிறோம், போனது லாபத்தில் சரிபாதி. பழைய லாபம் வர இரண்டு மடங்கு விற்க வேண்டும், அந்த இரண்டு மடங்கையும் கட்டிக் கொடுப்பது அதே இரண்டு கைகள். 5 சதவீதம் குறைத்தாலே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விற்றாக வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் கல்லாவுக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள். பெரிய மிஷின் வாங்குவது, கடையை விரிப்பது போன்றவற்றுக்கு, அதே அளவில் தொழில் செய்யும் ஒருவரோடு மாதம் ஒரு மணி நேரம் கணக்கை விரித்துப் பேசும் ஏற்பாடு வைத்துக்கொள்ளலாம். உறவினரிடம் கேட்டால் ஒன்று பயமுறுத்துவார், அல்லது தலையாட்டுவார்.

* * *

உறை பற்றி எழுதிய நண்பருக்கு: யாரிடம் கொடுப்பது என்பதையும் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் ஒருவர், பணத்துக்குக் கையெழுத்துப் போடக்கூடியவர் ஒருவர், இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். கையெழுத்துக்கு அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதினால் ஒரு எச்சரிக்கை: பல நாடுகளில் சாதாரண அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் சுயநினைவு இழந்தால் அப்போதே செல்லாமல் போய்விடும். எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில்தான் பயன்படாது. அந்த நிலையிலும் நீடிக்கும் வகை உங்கள் சட்டத்தில் உண்டா என்று வக்கீலிடம் கேட்டு, அதை எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு நாள் ஒத்திகை. வியாபாரம் குறைவான நாளில், போனை அணைத்துவிட்டு, மாற்று ஆளிடம் கடையை விடுங்கள். அவர் மாட்டிக்கொண்ட இடத்தையெல்லாம் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பெரிய விஷயங்கள் பெரும்பாலும் உறையில் இருக்கும். சில்லறை எங்கே, எந்தக் குழாய் ஒழுகும், எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்பவைதான் விட்டுப்போயிருக்கும். அடிக்கடி வரும் இன்னொன்று பில் பிரிண்டர்: சுருளைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, பில் வெள்ளையாக வருகிறது, மிஷின் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்தத் தாளில் மை கிடையாது, சூடு பட்டுக் கறுக்கும் பூச்சு ஒரு பக்கம் மட்டும்தான். நகத்தால் அழுத்திக் கீறிப் பார்க்க வேண்டும், கறுப்புக் கோடு விழும் பக்கம் பிரிண்டர் தலையைப் பார்த்து இருக்க வேண்டும். இதையும் உறையில் எழுதுங்கள்.