கெர்னலைப் போட்டபின் ரீபூட் வேண்டாமாம்!

கொழிஞ்சாம்பாறையான்:
வாளையார்த் தம்பி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் புதிய கெர்னலையும் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதி) அதன் மேல் ஓடும் பயனர் நிரல்களையும் ஒரே மூச்சில் நிறுவலாமாம், நடுவில் ரீபூட் தேவையில்லையாம். இதை நம்பி ஒருவன் செய்தால் யார் பொறுப்பு? முதலில் கெர்னல், பிறகு ரீபூட், அதன் பிறகே இன்ஸ்டால்வேர்ல்டு, அதாவது பயனர் நிரல்களை நிறுவுவது. பழைய நிரலைப் புதிய கெர்னல் தாங்கும். புதிய நிரலைப் பழைய கெர்னல் தாங்காது.

வாளையார்த் தம்பி:
அண்ணா, 6 ஆண்டுகளாக ரீபூட் செய்யாமல்தான் நிறுவுகிறேன். ஒரு முறையும் கெடவில்லை. நீங்கள் ஏட்டைப் பார்த்துப் பேசுகிறீர்கள்.

கொழிஞ்சாம்பாறையான்:
ஏடா? எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் கணக்கு எழுதும் கணினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உங்களைப் போல ஒருவர் சொன்னதைக் கேட்டு ரீபூட்டை விட்டேன். அதிகாலை 4 மணி. நிறுவல் ஓடிக்கொண்டிருந்தபோது அடுத்த திரையில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைத் தட்டினேன். 'பேட் சிஸ்டம் கால்' என்று ஒரே வரி. எந்தக் கட்டளை தட்டினாலும் அதே வரி. எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் லிப்சி என்ற நிரல் நூலகம் புதியதாகிவிட்டது, அது கேட்கும் சிஸ்டம் காலை (கெர்னலிடம் வைக்கும் கோரிக்கையை) ஓடிக்கொண்டிருந்த பழைய கெர்னல் அறியாது. வெளியே தூக்குப்பாத்திரங்களோடு வரிசை நின்றது. பால் அளந்தவர்களின் பெயரையெல்லாம் துண்டுக் காகிதத்தில் எழுதினேன்.

வாளையார்த் தம்பி:
பிறகு எப்படிச் சரியானது? அதைச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறையான்:
பவர் பொத்தானை அழுத்தி அணைத்தேன். புதிய கெர்னல் எழுந்தது, வேறு எதுவும் ஓடாத சிங்கிள் யூசர் நிலையில் மீதியை நிறுவினேன்.

வாளையார்த் தம்பி:
அவ்வளவுதானே! எதுவும் போகவில்லையே. ரீபூட்டைக் கடைசியில் செய்தாலும் போதும் என்பதற்கு நீங்களே சாட்சி.

கொழிஞ்சாம்பாறையான்:
எழுந்ததால் தப்பித்தேன். எழாமல் போயிருந்தால்? பழைய கெர்னல் கெர்னல்.ஓல்டு அடைவில் இருக்கும், ஆனால் நிரல்கள் பாதி புதியவை ஆகிவிட்டன. திரும்பிப் போக வழி ஏது? நடுவில் ரீபூட் செய்வதே புதிய கெர்னல் இந்த வன்பொருளில் எழுகிறதா என்று பார்க்கத்தான். 2018 டிசம்பரில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 12.0-இல் ஐநோடு எண்ணை, அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள அடையாள எண்ணை, 64 பிட்டாக மாற்றினார்கள். அன்று ரீபூட்டை விட்டவர்களைக் கேளுங்கள்.

மீனாட்சிபுரம் லினக்ஸ்:
இந்தச் சண்டையே லினக்ஸ் இயங்குதளத்தில் கிடையாது. பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸின் சட்டம். கெர்னலை ஒரு குழு எழுதுகிறது, அங்கே லிப்சியாக இருக்கும் ஜிலிப்சியை இன்னொரு குழு. எதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

கொழிஞ்சாம்பாறையான்:
எப்போது வேண்டுமானாலுமா? 2017-இல் வந்த ஜிலிப்சி 2.26-க்கு 3.2 கெர்னலாவது வேண்டும். அதற்குப் பழையதில் ஓட்டினால் 'கெர்னல் டூ ஓல்டு' என்று நின்றுவிடும். அங்கும் புதிய நிரலைப் பழைய கெர்னல் தாங்காது. நான் சொன்னது அதுதான்.

மீனாட்சிபுரம் லினக்ஸ்:
3.2 வந்தது 2012-இல். அவ்வளவு பழையதை எவன் வைத்திருக்கிறான்? போன ஆண்டு என் பழைய மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்தவர்தானே நீங்கள்.

கோவிந்தாபுரம் மாஷ்:
கருனி என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கும்போது கெர்னல், கெர்னல் என்று எத்தனை முறை எழுதுவீர்கள்? கேரள எல்லையில் இருக்கும் நாமே தமிழை விட்டுவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்கள்?

வாளையார்த் தம்பி:
மாஷ், கருனி என்று தேடினால் எந்தப் பிழைச் செய்திக்கும் விடை கிடைக்காது.

கோவிந்தாபுரம் மாஷ்:
நீங்கள் எழுதாததால்தான் கிடைக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறையான்:
மாஷ், சொல்லைப் பிறகு பார்ப்போம். தம்பி, ஒரே கேள்வி. உங்கள் கணினியில் யூநேம் கட்டளையை ஆங்கிலப் பெரிய எழுத்து கே, யு இரண்டும் சேர்த்து ஓட்டுங்கள். கெர்னலின் பதிப்பு எண்ணும் பயனர் நிரல்களின் பதிப்பு எண்ணும் வரும். இரண்டையும் இங்கே போடுங்கள்.

வாளையார்த் தம்பி:
நான் ஏன் போட வேண்டும்? என் கணினி ஓடுகிறது, எனக்கு அது போதும்.

கொழிஞ்சாம்பாறையான்:
போட மாட்டீர்கள் என்று தெரியும். நடுவில் ரீபூட் வேண்டும். நாளைக்கும் இதையேதான் எழுதுவேன்.

வாளையார்த் தம்பி:
எழுதுங்கள் அண்ணா. வருகிற ஞாயிறு அடுத்த பதிப்பை நிறுவப்போகிறேன், ரீபூட் இல்லாமல்.

கோவிந்தாபுரம் மாஷ்:
ரீபூட் அல்ல, மறுதொடக்கம்.